தேங்காய் நிமிர்ந்த இடம்

புத்தூரைத் தாண்டி, ஒரு மாந்தோப்போரம் பைக்கை நிறுத்துகிறேன். மாமரங்கள் கருகுகின்றன, வேலியோரச் சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிறது.

"அதோட வேரு போற ஆழத்துக்கு மாவேரு போவாது சார். இன்னிக்கு போர்ல தண்ணி வந்தாதான் தோப்பு பொழைக்கும்," என்கிறார் தோப்புக்காரர். "உங்களுது இன்னா ரத்தம்?"

"ஓ பாசிட்டிவ்."

"அந்த ரத்தத்துக்குத்தான் தண்ணி தெரியும். புடிங்க!"

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடக்கவிடுகிறார். வீட்டில் மூக்குக்கண்ணாடியையே கண்டுபிடிக்கத் தெரியாத நான் நீர் தேடுகிறேன். ஓரிடத்தில் தேங்காய் நிமிர்கிறது.

"என் கை நடுங்கிடுச்சுங்க."

"சும்மா இருங்க சார், கங்கம்மா வந்துட்டா!"

போர் வண்டிக்காரர்கள் அங்கேயே துளைக்கிறார்கள். சாயங்காலம்வரை புழுதிதான் வருகிறது. அவர் என்னைத் திட்டினாலாவது தேவலை. எனக்கு மோர் கொடுத்துவிட்டு, போனில் யாரிடமோ சொல்கிறார்: "நாளைக்கு ரம்பம் எத்துக்கினு வாப்பா. மரம் காய்ஞ்சிதான் கீது, சுளுவா அறுக்கலாம்."