சிங்கப்பூர் போன மகளுக்காக மடியேந்தினேன்

அந்தத் திங்கட்கிழமை காலை நான் செம்பனை மரங்களுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து நின்றார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல், “ஆபீசுக்கு வாம்மா, சிங்கப்பூருலேர்ந்து போன்” என்றார். உர வாளி கையை விட்டு விழுந்துவிட்டது.

அம்மனை நம்பி இதைப் படிக்கும் எல்லாருக்கும் என் வணக்கம். எனக்குப் பேச வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கோயில் மலருக்கு எழுதச் சொல்லி மகள் சரசுதான் பேனாவைக் கொடுத்தாள். நடந்தது எண்பதுகளில். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. இருந்தாலும் அம்மன் தாய் செய்த உதவியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் மனம் ஆறாது.

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். சரசு கிள்ளானில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படித்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் அவள் ஒருத்திதான். அந்த வருடம் நடுவில் வந்த விடுமுறையில் அவளும் கூடப் படித்த மூன்று பெண்களும் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அதில் லீலா என்ற பெண்ணின் சித்தி அங்கே குடியிருந்தார். வெள்ளிக்கிழமை போய், அவர் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான்தான் கெஞ்சினேன்.

“போவட்டும்ங்க. நம்மதான் பக்கத்து ஊரு ஜெராமத் தாண்டி எதையும் பாக்கல. அவளாவது பாக்கட்டும்.”

“ஏதாச்சும் ஆனா நீதான் பதில் சொல்லணும்” என்றார். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டில் கடைசி பஸ் வரும்வரை நின்றேன். அவள் வரவில்லை. மறுநாள்தான் அந்தப் போன். லீலாவின் சித்தி பேசினார். சரசுவுக்குக் குடல்வால் வெடித்து, வயிறு முழுவதும் சீழ் பரவிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்துவிட்டார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றவர்கள் வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறாராம்.

நான் போக முடியாது. எனக்குச் சிவப்பு ஐ.சி. அடையாள அட்டைதான். இந்த நாட்டிலேயே பிறந்தும் சரியான பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லை. நீல ஐ.சி. இருந்தால்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். “மனு போட்டு வைம்மா” என்று ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி ஐயா பல தடவை சொல்லியிருக்கிறார். அரசாங்க ஆபீசில் மேசைக்கு முன்னால் நின்று மலாயில் பேச வேண்டுமே என்று பயந்து நான் போனதே இல்லை. என் வீட்டுக்காரருக்கு நீல ஐ.சி. அவர் அன்றே அவசர பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, கட்டின துணியோடு ஜோகூர் பஸ் ஏறினார். ஏறும்போது, “நீதானே போவட்டும்னு சொன்னே” என்றார்.  என் பிள்ளை அங்கே சாகக் கிடக்கிறாள். பெற்றவள் நான் பார்க்கக்கூடப் போக முடியாமல் ரோட்டோரம் நிற்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். நான் வருவதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து லயத்துப் பாக்கியம் அக்காவின் குரல்.

“கல்யாணமாவாத புள்ளைக்கு வயித்துல என்னா லா ஆப்பரேசன்? அதுவும் ஊரு விட்டு ஊரு போயி?”

“சும்மா இருங்கக்கா, குடல்வாலாம்.”

“ஆமா ஆமா. இப்படிப் போறதுங்க எல்லாத்துக்கும் அது குடல்வால்தான்.”

யாரோ சிரித்தார்கள். நான் வெறும் குடத்தோடு திரும்பிவிட்டேன். என்னடி பேச்சு இது என்று கேட்டிருக்கலாம்.  கால்கள் தாமாகவே மாரியம்மன் கோயிலுக்கு நடந்தன.

நான் எப்படிப்பட்டவள் என்று சொன்னால்தான் அடுத்தது புரியும். வீட்டில் உப்பு இல்லையென்றால் உப்பில்லாமல் சமைப்பேனே தவிர, அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கேட்க மாட்டேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போதுகூட எல்லாருக்கும் பின்னால் நின்று மெதுவாகத்தான் பதில் சொல்வேன். யாரிடமும் கை நீட்டுவது எனக்குச் சாவதற்குச் சமம்.

அம்மன் முன்னால் விழுந்து அழுதேன். “தாயே, என்னால அங்க போவ முடியல. நீ போ. எம்புள்ள பக்கத்துல நில்லு. அவள உசிரோட குடுத்தா, நான் மடிப்பிச்சை எடுத்து உனக்குக் கஞ்சி வாக்குறேன். இந்தத் தோட்டத்துல ஒரு வீட்டையும் விடமாட்டேன்.”

மடிப்பிச்சை என்றால் உங்களுக்குத் தெரியும். பெற்றவள் முந்தானையை ஏந்தி, வீடு வீடாக வாய்விட்டு அரிசி கேட்க வேண்டும். கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? எது எனக்கு ரொம்பக் கஷ்டமோ அதைத்தான் வைத்தேன்.

அன்று பகலில் சரசு கண் திறந்திருக்கிறாள். நான் கோயிலிலிருந்து வீடு வந்து சேர்ந்த நேரம் அது. சாயங்காலம் கிராணி ஐயாவே லயத்துக்கு நடந்து வந்து சொன்னார். “காய்ச்ச எறங்கிடுச்சாம். தண்ணி கேட்டுச்சாம். உன் வீட்டுக்காரரு பக்கத்துல இருக்காரு.” டாக்டர் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த டாக்டர் நன்றாக இருக்க வேண்டும். அவர் பக்கத்தில் என் தாய் நின்றாள். அதை மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

சரசு குச்சி மாதிரி ஆகித் திரும்பி வந்தாள். தலையைத் தடவினேன். “வெள்ளிக்கெழமையே வலிச்சிச்சும்மா. சொன்னா வுட மாட்டீங்கன்னு சொல்லல” என்று அழுதாள். சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “ஒரு நாளு கடைத்தெரு. அப்புறம் ஆஸ்பத்திரி சீலிங்கு” என்றாள். இரண்டு பேரும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டோம்.

ஆனால் குழாயடிப் பேச்சு ஓயவில்லை. நான் போனால் எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். அது இன்னும் மோசம்.

ஆடி மாதம் திருவிழா வந்தது. பூசாரியிடம் வேண்டுதலைச் சொன்னேன். என் சுபாவம் அவருக்குத் தெரியும். “மூணு வீடு எடுத்தாலும் போதும்மா, தாயி ஏத்துக்குவா” என்றார். உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நல்லவர்கள் வீடு மூன்றை மனதுக்குள் பொறுக்கியும்விட்டேன். வீட்டுக்கு வந்து, சரசு மெதுவாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது. தாய் அரை உயிரையா திருப்பிக் கொடுத்தாள்?

மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை செருகிக்கொண்டு கிளம்பினேன். சரசு குங்குமத் தட்டோடு பின்னால் வந்தாள். முதல் வீட்டில் குரல் எழும்பவில்லை. அந்த அம்மா, “என்னாடி வேணும், சத்தமாத்தான் சொல்லேன்” என்றார். “அம்மனுக்கு மடிப்பிச்சை போடுங்கம்மா” என்றேன். முழு லயமும் திரும்பிப் பார்த்தது. தரை பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அடுத்த வாசலுக்குப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் பார்வை எல்லாம் என்னைத் தாண்டி சரசு வயிற்றில்தான் போய் நின்றது.

கடைசி லயத்தில் பாக்கியம் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“எல்லா வீட்டுக்குமா வர்றே?”

“எல்லா வீட்டுக்கும்தான்க்கா.”

“எங்க வீட்டுக்குமா?”

 மடியை ஏந்தினேன். அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கைகால் கழுவிக்கொண்டு அரிசியோடு வந்தார். ஈரக் கையால் அள்ளிப் போட்டார். உள்ளங்கையில் ஒட்டிய அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து அதையும் என் மடியில் போட்டார். பிறகு சரசுவைப் பார்த்தார்.

“ரொம்ப வலிச்சிச்சா, புள்ள?”

“ஆமா, பெரியம்மா.”

அவ்வளவுதான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அவர் என் முகத்தையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நான்தான் நிமிரவில்லை, மடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். மறுநாள் கோயிலில் கஞ்சி ஊற்றும்போது பாக்கியம் அக்கா முதல் ஆளாக நின்று தூக்குச்சட்டியை நீட்டினார். அன்றிலிருந்து குழாயடியில் அந்தப் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ மாறிவிட்டது. இத்தனை வாசலில் வாய்விட்டுக் கேட்டவளுக்கு ஒரு மேசை என்ன பெரிது? நீல ஐ.சி.க்கு மனுப் போட்டேன். கூப்பிட்டபோது போய் மலாயில் பேசினேன், தப்பும் தவறுமாக. அந்த அதிகாரி சிரித்தார். சிரிக்கட்டும் என்று நின்றேன். பல தடவை அலைந்த பிறகு கார்டு கிடைத்தது.

எண்பதுகள் முடியும் சமயம், சரசு ஆசிரியை வேலைக்குப் போன பிறகு, என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனாள். கடைத்தெருவைக் காட்டப் பார்த்தாள். “மொதல்ல அந்த ஆஸ்பத்திரியக் காட்டு” என்றேன். கேட் வரைக்கும்தான் போனோம். அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. என் தாய் வந்து நின்ற இடமாயிற்றே என்று முந்தானையை விரித்து ஏந்தி நின்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். “அம்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் சரசு. எனக்கும் வெட்கம்தான். ஆனாலும் ஏந்தினதை இறக்கவில்லை.

என்னைப் போல வாய் திறக்க வராதவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். வெட்கம் போகட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இந்த வயதிலும் போகவில்லை. வெட்கத்தோடேயே தாயிடம் கேளுங்கள். அவள் கொடுப்பாள்.