டிரம்ஸ் நின்ற இடத்தில்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய்ச் சோலியப் பாருங்கப்பா" என்று எழுந்து போகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

கொடைக்கானல் மலையில், போளூரில் எங்களுக்குப் பூண்டு விவசாயம். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், நானும் என் தங்கை புருஷன் முருகேசனும் பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு அடுக்கம் மலைப்பாதை வழியாக வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி, பானெட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவில் வெறும் இரைச்சல். ஒரு வளைவு திரும்பியதும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிடார் கிளம்பியது, பின்னாலேயே டிரம்ஸ், தகரக் கொட்டகையைக் கடப்பாரையால் இடிப்பதுபோல. ஒருவன் இங்கிலீஷில் தொண்டை கிழியக் கத்துகிறான். அதுவரை சினிமாப் பாட்டைத் தவிர எதுவும் கேட்டறியாதவன் நான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. நெஞ்சுக்குள் கிடந்த கோபத்தையெல்லாம் யாரோ வெளியே எடுத்துப் போட்டு அடித்த மாதிரி இருந்தது. வண்டி நகர்ந்தால் பாட்டு போய்விடுமே என்று ஓரங்கட்டினேன்.

"என்ன மச்சான், இந்தக் கத்து கத்துறான்? வெரசா போவோம்ங்க, சந்தை கலைஞ்சிரும்."

"இருங்க மாப்ள, இது முடியட்டும்."

சட்டென்று டிரம்ஸ் நின்றது. அந்த இடைவெளியில் அதே குரல், மெதுவாக, சுத்தமான தமிழில், "எறங்காத" என்றது.

திரும்பிப் பார்த்தால் முருகேசன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மேகத்துக்குள்ளிருந்து காட்டுமாடு பாய்ந்து கதவை முட்டியது. கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் அவர் கால். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடி முட்டியதில் கொம்பு தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் தொடையில் இறங்கியது, ரத்தம் என் முகத்தில் அடித்தது. டிரம்ஸ் திரும்பத் தொடங்கிவிட்டது. கத்துவது அவரா, பாட்டுக்காரனா, நானா, தெரியவில்லை. மூட்டைகள் சரிந்து உருண்டன. மாடு எப்போது போனது என்றே தெரியாது. வேட்டியைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன்.

உயிர் பிழைத்தார். கண் விழித்ததும் கேட்டேன், "மேகத்துக்குள்ள ஏன் மாப்ள எறங்குனீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அவன்தான மச்சான் எறங்குன்னு சொன்னான்? ஒங்களுக்குக் கேக்கலையா?"

கொஞ்ச நாள் கழித்து, கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு டூரிஸ்ட் காரில் அதே பாட்டு. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, உள்ளே இருந்த பெண்ணிடம் பேண்ட் பெயரைக் கேட்டுக்கொண்டேன். கடல் தாண்டிய தேசத்து ஆட்கள், தமிழ் வாடையே இல்லாதவர்கள். இப்போது அவர்களுடைய எல்லாப் பாட்டும் என் போனில் இருக்கிறது, வேறு எதுவும் கேட்கப் பிடிப்பதில்லை. அந்தப் பாட்டில் டிரம்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு பேச்சும் கிடையாது, வெறும் மௌனம்தான்.

ஆனால் ஓட்டும்போது அந்த இடம் வந்தால், என் கை தானாகக் கதவைத் திறக்கப் போகிறது.