மற்றும் பலருக்காக

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு எழுதுவது பதினைந்து வருடம் என் வேலையாக இருந்தது. ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் ஊரில் ஒரு கிரானைட் கம்பெனியில் நான் குமாஸ்தா. ஆகவே என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும் என்று போதகரே முடிவு செய்துவிட்டார். ஞாயிறு காலையில் ஜனங்கள் கோயில் வாசலில் என்னிடம் வந்து தங்கள் பாரத்தைச் சொல்வார்கள். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன், போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். தாளில் இல்லாதது பரலோகத்துக்குப் போகாது என்று சபையில் ஒரு நம்பிக்கை. அதைத் திருத்த நான் பெரிதாக முயன்றதில்லை. கடவுளுக்கே குமாஸ்தா என்றால் லேசான பதவியா?

முன்பெல்லாம் மழை, காய்ச்சல், கறவை மாடு என்றுதான் எழுதுவேன். தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கல் கப்பலேறத் தொடங்கியது, பின்னாலேயே ஆட்களும் கிளம்பினார்கள். விசா, பாஸ்போர்ட், மெடிக்கல் எல்லாம் தாளுக்கு வந்தன. கூடவே ஒரு வரிசையும் வந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை, நானே போட்டேன். முதலில் அமெரிக்கா, அடுத்து குவைத், அப்புறம் பெங்களூரில் கம்ப்யூட்டர். இடம் மிஞ்சினால் நோயாளிகள். தாள் தீர்ந்துவிட்டால் கடைசி வரியாக 'மற்றும் பலருக்காக' என்று எழுதி முடிப்பேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கித் தந்த மின்விசிறிகள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் காற்றை வாங்கிக்கொண்டே அவர்களைக் கடைசியில் எழுத மனசாட்சி இடம் கொடுக்குமா?

கோயிலைக் கூட்டுகிற அம்மா பக்கத்துக் குடுபல்லி கிராமத்துக்காரர், புருஷன் இல்லாதவர். வாராவாரம் ஒன்றையேதான் சொல்வார்.

"எம் பொண்ணு பெங்களூரு கார்மெண்ட்ஸுக்குப் போயி ரெண்டு வருசமாச்சுண்ணா. ஒரு சேதியும் இல்ல. ஒரு வாட்டி வந்துட்டுப் போனா போதும். எழுதிக்கோங்கண்ணா."

பெங்களூர்தான், ஆனால் கம்ப்யூட்டர் இல்லையே, தையல் மிஷின். கடைசி வரியில் அந்தப் பெண் தாராளமாக அடங்கிவிட்டாள். போதகர் வாசிக்கும்போது அந்தம்மா தூண் ஓரம் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் என்னிடம் வந்து, "இன்னிக்கும் எனக்குக் காதுல விழலண்ணா" என்பார். காதில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல நானும் தலையாட்டுவேன்.

பிறகு என் மகன் அமெரிக்கா போனான். திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தவன். ரேணிகுண்டாவில் பம்பாய் ரயில் ஏற்றிவிடச் சபையே வந்தது. மொட்டைத் தலைகளும் லட்டு வாசனையுமாக இருந்த பிளாட்பாரத்தில் போதகர் வழியனுப்பு ஜெபத்தை உலக சிருஷ்டிப்பிலிருந்து தொடங்கினார். அவர் என் மகனிடம் வந்து சேர்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஆமென் கேட்காமலே ஓடி ஏறினான். அடுத்த ஞாயிறு அவன் பெயர் முதல் வரியில் இருந்தது, மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அப்போது எங்களுக்கெல்லாம் போன் என்றால் கோயிலை ஒட்டியிருந்த போதகர் வீட்டுப் போன்தான். ஆராதனை முடிந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வாசல் பெஞ்சில் காத்திருப்போம். முதல் சில மாதம் என் மகன் தவறாமல் பேசினான். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு வாரம், அப்புறம் பண்டிகைக்கு. கடைசியில் கிறிஸ்துமஸுக்கும் போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டால் ஆன்சரிங் மிஷின் பேசியது. "லைன் கிடைக்கல போல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன். அதே லைனில் அவர் மகன் குவைத்திலிருந்து அரை மணி நேரம் பேசுவான்.

என் மகன் என்னோடு பேச வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கலாம். பேனா என் கையில்தானே இருந்தது? ஆனால் நன்றி சொல்லும் ஸ்தோத்திரத்தில் இருக்கிற பிள்ளையை விண்ணப்பத்துக்கு இறக்கினால் சபையில் என் தலை என்ன ஆவது? ஒரு வருடத்துக்கு மேல் 'மகனின் உயர்வுக்காக ஸ்தோத்திரம்' என்றே எழுதினேன். கடவுளிடமே பந்தா. உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. முதல் வரியில் கோயில் கூட்டும் அம்மாவின் மகள் பெயரை எழுதினேன். மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை, அந்த வரி காலியாக இருந்தது, அவ்வளவுதான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தூண் ஓரம் அந்தம்மா முக்காட்டுக்குள் அழுதார்.

வழக்கம்போலப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். துடைப்பத்தோடு அந்தம்மா வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு உங்க புள்ள பேரு வரலியேண்ணா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு எதுக்கும்மா ஜெபம்?"

"நல்லா இருந்தா போன் வரும்ல? வாராவாரம் இங்க கூட்டிக்கினு நானுந்தான் பாக்கறேன்."

அந்தம்மா துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சீர் செய்தார்.

"நீங்க எழுதாட்டி என்னா. போயி சேருதோ இல்லியோ, கோயிலு கூட்டறப்போ ரெண்டு பேரையும் சொல்லிக்கினுதான் இருக்கேன். மொதல்ல உங்க புள்ள, அப்பறம் எம் பொண்ணு."

"அவன ஏம்மா மொதல்ல சொல்ற?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அமெரிக்காதானண்ணா மொதல்ல வரும்? நீங்கதான அப்படி எழுதுவீங்க?"

அப்புறம் என்னைக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் கூட்டினார்.