நோட்டில் ஏறாத பேரீச்சை

அவித்த முட்டையின் ஓட்டை உரித்த பிறகுதான் நூரியா டீச்சர் அதை எடை போடுவார். தராசு நாற்பத்தெட்டு கிராம் காட்டினால் நோட்டிலும் நாற்பத்தெட்டுதான். ஐம்பது என்று எழுதிவிட்டுப் போகிற ஆள் இல்லை. முட்டையை எட்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இருபது முறை மெல்வார். ஆறாவது துண்டில் நெஞ்சு அடைக்கும். மீந்த இரண்டையும் மறுபடி தராசில் வைத்து, நோட்டில் கழித்துக்கொள்வார்.

குவைத்தில், சுர்ரா பகுதிப் பெண்கள் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. தேர்வறையில் காப்பியடிக்கும் பிள்ளையை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். "மூச்சு விடற தினுசே காட்டிக் குடுத்துடும்" என்பார்.

ஏழு வருடங்களுக்கு முன், நூற்று இருபத்தெட்டு கிலோ இருந்தபோது, வயிற்றைக் குறுக்கும் அறுவை செய்துகொண்டார். அங்கே அது ஒன்றும் அதிசயமல்ல. ஆசிரியைகள் அறையில் பதினோரு பேரில் நான்கு பேருக்கு வயிறு கால்பங்குதான். இரண்டு வருடத்தில் எழுபத்தொன்றுக்கு இறங்கினார். அதன்பின் எடை ஓசையில்லாமல் ஏற ஆரம்பித்தது. இப்போது எண்பத்தெட்டு.

நோட்டோ நாளுக்கு ஆயிரத்து நூறு கலோரியைத் தாண்டியதில்லை. அடுத்த முறையும் எடை ஏறியிருந்தால் இரண்டாவது அறுவைக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று மருத்துவமனை உணவு ஆலோசகர் ஹனாதி சொல்லியிருந்தாள். முதல் அறுவையில் உள்ளே ரத்தம் கசிந்து ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தவர் நூரியா. அந்தப் பயத்தைவிட அவரை அரித்தது, நோட்டைப் புரட்டும்போது ஹனாதி முகத்தில் தெரிந்த பதவிசான அவநம்பிக்கை. இருபத்திரண்டு வருடமாக அவரே பிள்ளைகளிடம் காட்டிவந்த முகம் அது.

மகள் தீமா ஒருநாள் அம்மாவின் கைப்பையில் ஒளித்துவைத்த சாக்லேட் உண்டா என்று தேடுவதை நூரியா வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் முட்டையில் நான்கு துண்டோடு எழுந்துவிட்டார்.

"வாயில ஒண்ணும் போறதில்ல. அப்புறம் எங்கேருந்துதான் வருது, காத்துலேர்ந்தா?" என்றார் தீமாவிடம்.

புதிரின் ஒரு முனை தீமாவிடம்தான் அகப்பட்டது. இருவரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். காப்பியோடு பேரீச்சைத் தட்டு வந்தது. நூரியா ஒன்று எடுத்தார். அத்தை தன் கையால் இன்னொன்று கொடுத்தாள். இரட்டைப்படையில் நிறுத்துவது வழக்கமில்லை என்பதால் மூன்றாவதும் போயிற்று. காரில் ஏறியதும் தீமா நோட்டைப் புரட்டினாள்.

"உம்மா, அந்த மூணு பேரீச்சை எங்க?"

"எது?"

"இப்ப சாப்பிட்டீங்களே, அது."

"அது சாப்பாடாடி? குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். மரியாதைக்குக்கூடவா கலோரி எழுதுவாங்க?"

பொய் சொல்லவில்லை அவர். சலாமுக்குப் பதில் சலாம் சொல்வது போலத்தான் அது. சாப்பிட்டதாக ஒருநாளும் தோன்றியதில்லை. விசேஷம், துக்கம், நலம் விசாரிப்பு என்று தினம் இரண்டு வீடாவது போகவேண்டியிருந்தது. மறுநாள் முதல், எந்த வீட்டுக்குப் போனாலும் கொட்டைகளைத் துடைத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து மருத்துவமனைத் தராசு அறுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. நூரியா கூட்டைத் திறந்து ஹனாதியின் மேசையில் கவிழ்த்தார். நாற்பத்தொரு கொட்டைகள். ஹனாதி எண்ணி முடிக்கச் சற்று நேரமாயிற்று.

"ஒரு நாளைக்கு நூத்திமுப்பது, நூத்திநாப்பது கலோரி வரும் டீச்சர். இதுவும் ஒரு காரணம். ஆனா இது மட்டும் இல்ல."

அவ்வளவு எடையை இழந்த உடம்பு தன் அடுப்பைத் தணித்து வைத்துக்கொள்ளும். இதே எடையுள்ள வேறொருத்திக்குச் எரிந்துபோவது உங்களுக்கு உடம்பில் தங்கும் என்றாள்.

"மெலிஞ்சதுக்குத் தண்டனையா?"

ஹனாதி நோட்டைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அறுவையை மூன்று மாதம் தள்ளிவைப்போம், அதுவரை யார் நீட்டினாலும் பேரீச்சை வேண்டாம் என்றாள்.

நூரியா தலையாட்டினாரே தவிர, எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெளிவில்லை. கொட்டைக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிலிருந்து நுனி வளைந்த ஒன்றை விரலால் தனியே நகர்த்தினார்.

"எங்க ஸ்கூல் ஹெஸ்ஸா வீட்டுது. அவ புருஷன் மௌத்தாகி, அடக்கம் பண்ணி மூணாம் நாள். அழுதுக்கிட்டே கையில வெச்சா."

ஹனாதி அதையும் மற்றவற்றோடு சேர்க்கக் கை நீட்டினாள். அதற்குள் நூரியா அந்தக் கொட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.