டீச்சருக்குச் சவுக்கு, எனக்கு முண்டு

போன வாரம் மகனோடு காரில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பலகை: 'விறகு அடுப்பு பிரியாணி'. கண்ணாடியை இறக்கினேன். சவுக்குப் புகை. மகன் மூக்கை விரித்து "ஆகா" என்றான். எனக்கோ, இத்தனை வருஷம் கழித்தும், ஸ்டெல்லா டீச்சர் ஞாபகம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் அங்கே வந்தபோது, ஸ்டேஷன் தெருவில் எங்களுக்கு விறகுத் தொட்டி இருந்தது. தொட்டி என்றதும் தண்ணீரை நினைத்துவிடாதீர்கள். விறகுக் கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முன்னால் கடை, பின்னால் வீடு. பழவேற்காட்டுப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வண்டியில் சவுக்கு வரும். என் வீட்டுக்காரர் நாதமுனி பிளந்து எடை போடுவார்.

விறகு வாங்க வருகிறவர்களைப் போல நொரநாட்டியம் பிடித்தவர்களை நான் கண்டதில்லை. டீக்கடைக்காரருக்குப் பருமனான கட்டைதான் வேண்டும், நின்று எரியணுமாம். இன்னொரு அம்மாள் வேலிகாத்தான் கட்டையைப் பார்த்தாலே "முள்ளு குத்துது" என்று கையை உதறுவாள். முள்ளெல்லாம் காட்டிலேயே சீவியிருக்கும். எல்லோருக்கும் என் வீட்டுக்காரர் சொல்கிற பதில் ஒன்றுதான்: "இஷ்டம்னா எடு, இல்லாங்காட்டி போய்க்கினே இரு."

ஸ்டெல்லா டீச்சர் வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். பள்ளிக்கூடத்து டீச்சர், 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை, கை வரமாட்டேனென்கிறது. அவள் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாள். டங்கென்றால் காய்ந்தது. தொப்பென்றால் ஈரம், தள்ளிவிடுவாள்.

"உங்கள ஏமாத்துவனா டீச்சர்? இத்த தட்டிப் பாருங்க" என்று இவர் குவியலுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுப்பார். இரண்டு பேரும் தட்டுவார்கள், கேட்பார்கள், சிரிப்பார்கள். என்னிடம் அவர் பேசியதெல்லாம் "சோறு ஆச்சா?", "கதவ சாத்து". அவ்வளவுதான்.

சரி, என் அடுப்புக்கு வந்தது என்ன? கோடாலி இறங்காத முண்டு, வேர்க்கட்டை, டீச்சர் தள்ளிவிட்ட ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்து கிடக்கும். புகைக்கு அழுகிறேனா, அவளை நினைத்து அழுகிறேனா என்று எனக்கே தெரியாது. அவள் தப்பாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை, நல்லவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஐப்பசி மழை. எவ்வளவு ஊதியும் உலை கொதிக்கவில்லை. கடையிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. ஊதுகுழலைப் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றித் தெருவழியே போய், வாங்குகிறவர்களோடு நின்றேன்.

"கடைக்காரரே, சவுக்கு குடுங்க."

அவர் விழித்தார். "இன்னாமே, டமாசு பண்றியா? உள்ள போ."

"டமாசு இல்ல. வெறகு வாங்க வந்துகீறேன்." இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினேன். "ஈரம், வேணாம்." வேறு இரண்டைத் தட்டினேன். "இதுவும் வேணாம். இன்னாயா கடை வச்சிக்கினுகீற?"

டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. என் கண்களையே பார்த்தாள்.

"நாதமுனி, உங்க வீட்டு அடுப்புல எந்தக் கட்டை எரியுது?"

அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் தனக்கென்று பொறுக்கி வைத்திருந்த சவுக்கை அள்ளி என் கூடையில் போட்டாள். "எடுத்துனு போம்மா. நான் நாளைக்கு வாங்கிக்கிறேன்."

அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்தக் கட்டையை அவரல்லவா எடுத்துப் போட்டிருக்க வேண்டும்?

சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு வந்தவர் அடுப்பங்கரை வாசலில் நின்றார். அங்கே அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

"பொகையுதா?" என்றார்.

"இல்ல."

பிறகு போய், மழை படாத மூலையில் நல்ல சவுக்காகப் பார்த்து எனக்கென்று தனியாக அடுக்கினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று அதே கேள்வி. வேறு பேச்சு அவருக்கு வராது. எனக்கு அது போதுமாக இருந்தது.

போதுமாக இருந்ததா? டீச்சருக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தபோது, சாமான் வண்டியில் ஒரு கட்டுச் சவுக்கும் ஏற்றிவிட்டார். "ஏன், திருவள்ளூர்ல வெறகே இல்லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடங்கினேன்.

பிறகு கெரசின் ஸ்டவ் வந்தது, காஸ் வந்தது. நொரநாட்டியக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எழும்பியதும் என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போனார். தொட்டி இருந்த இடத்தில் இப்போது யாரோ இரும்புக் குழாய் அடுக்கியிருக்கிறார்கள். டீச்சர் எங்கே இருக்கிறாளோ, தெரியாது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் சமையலறையில் இப்போது காஸ் அடுப்பு. திருகினால் நீலமாக எரிகிறது, புகையே கிடையாது. வாசலில் வந்து நின்று கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை.