தண்ணி பார்க்க வந்தவன்

ஊர் முழுக்க மழைக்கு ஒதுங்கும் நேரத்தில் மழைக்குள் இறங்குவதுதான் எங்கள் உத்தியோகம். ரோடு இலாகாவில் ஓவர்சியராகக் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு மாடி அறையில் தனிக்கட்டையாக இருந்தேன். அக்கா எனக்காகத் திண்டிவனத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசைதான். சொட்டச் சொட்ட நனைந்து வந்து கதவைத் திறந்தால், "வந்தாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

தோலுக்குப் பின்னால்

ரோட்டின் நடு மேடு, இரண்டு ஓரமும் சரிவு. மழைத் தண்ணீர் நேராக ஓரத்துக்கு ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரோடு நீளவாக்கிலும் இறக்கமாக இருந்தால் அது கோணலாக வெகுதூரம் போய்த்தான் இறங்கும். எங்கே, எவ்வளவு இறங்கும் என்று கணித்து வாய்க்கால் வெட்டாவிட்டால் ஓரம் அரித்துப் போகும். இதற்கு என் கருவி மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலை ஓடு. ஓடுகிற மழைத் தண்ணீரில் நடு ரோட்டில் ஒன்றை மிதக்கவிட்டு, குடையும் கையுமாக அதன் பின்னாலேயே நடப்பேன். விக்கிரவாண்டி இறக்கத்தில் ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஒத்தத் தோலு பின்னாடி ஊர்கோலம் போய்க்கினு கீறீங்க? வூட்ல தேட ஆளு இல்லீங்களா?"

கோலியனூர் விசாரணை

மறுநாள் கோலியனூர் டீக்கடையில் நுழைந்து, "நேத்து ராத்திரி தண்ணி எந்தப் பக்கமா வந்துது? எங்க எறங்குச்சு?" என்று கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அது மதுவிலக்குக் காலம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காலியான பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வார்த்தை பேச ஆள் கிடைக்கும் என்றுதான் அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் கைகட்டி நின்றார்.

"எங்க ஊர்ல தண்ணியே கெடையாதுங்க. எவனோ மொட்டக் கடுதாசி போட்டிருக்கான்."

நற்சான்றிதழ்

பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க விழுப்புரம் வந்தபோது நான் மழையில் ரோட்டில் இருந்தேன். கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் அவிழ்த்துவிட்டார். வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனாராம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பெருமையாக ஒப்பித்தார்.

"தங்கமான புள்ள, தண்ணின்னா மட்டும் சோறு தூக்கம் கெடையாது, சில நாளு ரோட்லயே வுழுந்து எழுந்து வருவாருன்னு சொன்னேங்க. தப்பா?"

திண்டிவனத்து வாசல்

விஷயம் புரிந்து, விளக்கம் சொல்லத் திண்டிவனம் ஓடினேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார். போன முகூர்த்தத்தில்தான் வேறு இடத்தில் தட்டு மாற்றியிருந்தார்கள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, நான் நிமிரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிளம்பியவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தம்பி, வந்ததுதான் வந்தீங்க. ரோட்டுத் தண்ணி பூரா நம்ம வாசல்ல வந்து நிக்குது. கல்யாணத்துக்குப் பந்தல் போடணும், எங்க வெட்டி வுடலாம், பாத்துச் சொல்லுங்களேன்?"

பார்த்துத்தான் சொன்னேன், கல்யாணத்தன்று பெய்த மழையில் வாசலில் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லையாம். என் ஆயுசில் நான் போட்ட கணக்குப்படி நடந்துகொண்டது தண்ணீர் ஒன்றுதான்.