வாடகைக்கு விட்ட அறை

சிங்கப்பூரில், தோ பாயோவில், அரசு கட்டிக்கொடுத்த எங்கள் மூன்றறை அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், வீடமைப்பு அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, அதை ஒரு தமிழருக்கு வாடகைக்கு விட்டோம். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது தேக்கா சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, தானே ரசம் வைத்துக் கொடுத்தார்.

ஒருநாள் குப்பை கொட்டப் போன மனைவி, அவர் அறையிலிருந்து ஒரு வெள்ளித்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நடுவில் கருகியிருந்தது.

“இது நல்லதா படலைங்க. என்னன்னு கேளுங்க.”

“சிகரெட் பெட்டித் தாள்தான் லா. விடு.”

போதைப்பொருளை அப்படித் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், எனக்கும் சந்தேகம் தட்டியது. கேட்டால் அவரை வெளியே போகச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் அவரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மெத்தைக்கு அடியில் ஹெராயின் பொட்டலங்கள். விற்பதற்கு வைத்திருந்தாராம். விலங்கோடு போனவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு வீடமைப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டை ஏன் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். இருவரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தமிழர்தான்.

“ஒரே வீட்டுல இருந்துட்டு, தெரியாதுன்னா எப்படிண்ணே நம்புறது?”

“சத்தியமா தெரியாது சார்,” என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. “கருகின தாளை நான் பாத்தேன் சார். இவர்கிட்டயும் காட்டினேன். அப்பவே கேட்டிருக்கணும். கேக்கலை.”

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு முகம் எரிந்தது. பேருந்தில் திரும்பும்போது, “வீடு போயிடுமா?” என்று கேட்டேன்.

“போனாலும் போகும். ஆளுக்கொரு கதை சொல்லிக்கிட்டு அலைய என்னால ஆகாதுங்க.”

ஏழு மாதம் காத்திருந்தோம். எந்நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று பாத்திரங்களைப் பெட்டிகளில் கட்டிவைத்து, இரண்டே சட்டியில் சமைத்தோம். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். வீடு எங்களுக்கே, இனி அறையை யாருக்கும் விடக் கூடாது.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“கட்டினதையெல்லாம் பிரிக்கணும்,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்று நாங்கள் எதையும் பிரிக்கவில்லை. வீடு எங்களுக்கே என்பதை இன்னும் நம்ப முடியாமல், அடுத்த வாரமும் பிரிக்கவில்லை.